ரோபோவுக்கும் அரைப் பேர்தான்

விஞ்ஞானக் கதை எழுதுகிறவனுக்கு இரண்டு தொல்லை: ஒன்று விஞ்ஞானம், மற்றது பக்கத்து வீட்டில் இன்னொருவன் அதையே எழுதுவது. முதலாவதை எப்படியும் சமாளிக்கலாம். இது இரண்டாவதைப் பற்றி. நீங்களும் எழுதுகிறவர் என்றால் உங்கள் தெருவிலும் ஒருவன் இருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

சலூன் நாற்காலி

நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட மாஸ்டர். பெயர் முத்துக்குமாரசாமி. செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். எங்கள் மலைநாட்டு ஊரான ஹட்டனில் அதைப் படித்தவர்களை எனக்குத் தனித்தனியாகத் தெரியும். பக்கத்து வீட்டு மரியதாஸ் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவன். புத்தகம் ஒன்றும் போடவில்லை. கதையைப் போனில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அக்கரப்பத்தனை பஸ் புறப்படுகிறது என்று கத்திய அதே தொண்டை. ஊரே கேட்கிறது.

முடி வெட்டப் போனேன். சலூன்காரர் ரவி அவன் கதையைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். றொசல்ல ஸ்டேஷனில் ஒரு வேற்றுக்கிரகவாசி இறங்குகிறான். அவனை அட்டை கடிக்கிறது. காய்ச்சல் அட்டைக்கு வருகிறது. ரவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் என் காதில் கத்தரி பட்டது. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வாயை இறுக்கிக்கொண்டேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே ரவி சொன்னார்: “அசையாதீங்க மாஸ்டர். நீங்களும் ஏதோ எழுதுவீங்களாமே, இந்த மாதிரி எழுதுனா என்னங்க?”

பஸ்ஸில் சொன்னது

ஒரு நாள் நுவரெலியாவிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். தேயிலைக் கொழுந்து பறிக்க மெஷின் வருகிறதாம், ரோபோ வருகிறதாம் என்று முன் சீட்டில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து சொன்ன கிலோவுக்குக் காணாவிட்டால் அரைப் பேர். அதை வைத்து நான் ஒரு பகிடி விட்டேன்: ரோபோ வந்தாலும் கணக்கப்பிள்ளை இலையில் இருக்கிற தண்ணிக்கென்று கிலோவைக் கழித்துவிட்டு அரைப் பேர்தான் போடுவார். பஸ்ஸே சிரித்தது. மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“இத நீங்க எழுதப் போறீங்களாண்ணே?” என்று கேட்டான். இதெல்லாம் ஒரு கதையா, இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: “அப்ப சரிங்கண்ணே.”

இரண்டு ரோபோ

அடுத்த வாரமே கதை வந்துவிட்டது. ரோபோ கொழுந்து பறிக்கிறது, அரைப் பேர் வாங்குகிறது, மழையில் மலை ஓரத்தில் தனியாக நிற்கிறது. அரைப் பேர் வரை என் சரக்கு. அதற்குப் பிறகு, பறிக்கிற பெண்கள் ஒவ்வொருவரும் போகிற போக்கில் அதன் கூடையில் ஒரு பிடி கொழுந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருத்தியும் பேசவில்லை. மறுநாள் அதற்கு முழுப் பேர்.

அந்த ஒரு பிடி கொழுந்து எனக்கு ஏன் தோன்றவில்லை? சோறு இறங்கவில்லை. என் ரோபோ செவ்வாயில் இருக்கிறது. சுத்தமான தமிழில் மூன்று பக்கத்துக்குத் தத்துவம் பேசும். என் மனைவி மல்லிகாவிடம் என் கதையையும் போனில் அவன் கதையையும் கொடுத்து எது நல்லது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “ஒங்க ரோபோ நல்லாத்தாங்க பேசுது. அவரு ரோபோவுக்குச் சோறு போடணும் போல இருக்கு.”

பீப்பா

தர்ஷினி என்று ஒரு பிள்ளை. குறும்படம் எடுக்கிறவள். விஞ்ஞானப் படம் ஒன்று எடுக்கப் போகிறாள் என்று ஊரில் பேச்சு. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கம்பளிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தேத்தண்ணி கொடுத்தோம். செவ்வாய்க் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மரியாதையான பிள்ளை. முழுக்கக் கேட்டாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்: “மரியதாஸ் ஐயாவோட கதையத்தாங்க எடுக்குறோம். ஒங்க வீட்டுக்குப் பின்னால பழைய தகரப் பீப்பா ஒண்ணு இருக்காமே, ரோபோவுக்கு ஒடம்பு செய்ய வேணுங்க.”

வேலி ஓரம்

பீப்பாவை மல்லிகா கொடுத்துவிட்டாள். கழுவி வேறு கொடுத்தாள். நான் நேராக வேலிக்குப் போனேன். மரியதாஸ் கரட் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். அரைப் பேர் என்னுடைய பகிடி, படத்தில் என் பெயர் வர வேண்டும் என்றேன். காசு கேட்கவில்லை. எனக்கு வேண்டியது பெயர். மூன்று புத்தகம் எழுதியும் இந்த ஊரில் விழாத பெயர்.

அவன் மறுப்பான், நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். எங்கே மறுத்தான்! மண் கையோடு எழுந்து நின்றான். “ஒங்க பகிடிதாண்ணே, நான் எல்லாருக்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றான். சண்டைக்குப் போனவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. போதாததற்கு ஒரு பிடி கரட்டை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னான்: “கோவப்படாதீங்கண்ணே, பேரு போட்டுருவோம்.”

வெள்ளை வேட்டி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் படம் போட்டார்கள். மரியதாஸின் மாதா கோயில்தான். எங்கள் இந்து ஆட்களும் வந்திருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு. திரைக்கு, சாக்கின் மேலேயே ஒரு வெள்ளை வேட்டி. படம் பெரிது, வேட்டி சிறிது. என் பீப்பா கொழுந்து பறித்தது. அரைப் பேர் வசனத்துக்கு மண்டபம் அதிர்ந்தது. ஒரு பிடி கொழுந்து போடுகிற இடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

கடைசியில் பெயர்கள் வந்தன. “கதை: மரியதாஸ்.” சின்னப் பெயர், அழகாக அடங்கியது. அடுத்தது என்னுடையது. எழுந்து நின்றுவிட்டேன். “பகிடி: முத்துக்கு” என்பதோடு வேட்டி முடிந்துவிட்டது. மீதிப் பெயர் சாக்கில் விழுந்து காணாமல் போயிற்று.

பின் வரிசையிலிருந்து சலூன் ரவி கத்தினார்: “முத்துக்கு என்னாங்க?”  மரியதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அந்த பஸ் ஸ்டாண்டுத் தொண்டையில் அறிவித்தான்: “முத்துக்கு அரைப் பேரு!”

என் பெயர் பாதி சாக்கில் விழுந்ததைக்கூட மன்னித்துவிட்டேன், ஆனால் அந்தப் பதில் என் வாயில் வருவதற்குள் அவன் வாயில் வந்ததை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.