சேவலுக்குச் சாயம் ஏற்றிய வாரம்

நுண்ணோக்கிக்கு அடியில் ஒளிரும் சாயங்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இரண்டே விரோதிகள்: ஒன்று வெளிச்சம், இன்னொன்று நல்ல மனசு. வெளிச்சத்தை அலுமினியத் தாள் சுற்றித் தடுத்துவிடலாம். நல்ல மனசைத் தடுக்கத் தாள் எதுவும் கிடையாது. நாமக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் இருட்டறைக்குப் பொறுப்பாக இருக்கிறவள் சொல்கிறேன், இதே அவதியில் உழல்கிறவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

விளக்கு வைக்கிற நேரம்

இந்தச் சாயங்கள் சாதாரண ட்யூப்லைட்டில் கொஞ்ச நேரம் இருந்தாலே வெளிறிப்போகும். அதனால் எங்கள் அறையில் எப்போதும் இருட்டு. கூட்டிப் பெருக்குகிற பாப்பாத்தி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் சாயம் ஏற்றி ஊறவைத்துவிட்டு டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அத்தனை விளக்கையும் போட்டுவிட்டார். போதாதென்று, சுற்றியிருந்த தாளையெல்லாம் பிரித்து அழகாக மடித்தும் வைத்திருந்தார். காலையிலிருந்து செய்த வேலை அவ்வளவும் வீண். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, கத்தினேன். அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்காமலேயே சொன்னார்:

"வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல இருட்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்தா, எந்த ஆராய்ச்சிம்மா உருப்படும்?"

வேட்டி

அடுத்த திங்கட்கிழமை சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பழனியப்பன் வந்தார். முன்பு லாரி வைத்திருந்தவர், இப்போது நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். கொஞ்ச நாளாகப் பொரிப்பானில் வைக்கிற முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போகிறதாம். சந்தேகம் சேவல் மேல். அதன் விந்தைப் பிடித்துவைத்த ஒரு சின்னப் புட்டியை நீட்டினார். "இதுல உசுரு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க அம்முணி. இல்லீன்னா ஞாயித்துக்கெழம மருமவன் வாராருங்க, கொழம்பு வெச்சுருவோம்."

இருட்டறைக்குள் போய் நான் புற ஊதா டார்ச்சை அடித்ததும் ஆள் காணாமல் போய், வேட்டி சட்டை மட்டும் நீலமாக ஜொலித்துக்கொண்டு நின்றது. வெள்ளை பளிச்சென்று தெரியச் சலவைத்தூளில் சேர்க்கிறார்களே, அதுவும் ஒருவகை ஒளிரும் சாயம்தான் என்று விளக்கினேன். அவர் குனிந்து தன்னைத் தானே பார்த்துப் பூரித்துப்போனார்.

"அட, டிவில சோப்புக்காரன் சொல்றது நெசந்தானுங்களே!"

சிக்னல்

எங்கள் சாயக் கலவையில் உயிருள்ள விந்தணு பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பாக. "அப்ப சிக்னல்தானுங்க" என்று லாரிக்காரர் சட்டென்று பிடித்துக்கொண்டார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஒரே சிவப்பு. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. சேவல் விந்தில் சோப்பும் தண்ணீரும் பட்டால் உயிர் தாங்காது. புட்டியைக் கழுவினீர்களா என்று கேட்டேன். அவர் மனைவி சரசு சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, ஈரத்தோடு கொடுத்தாராம். அதுதான் தப்பு என்றதும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏனுங்க, கழுவாத பாத்தரத்துல அடுத்தவங்களுக்குக் குடுத்தனுப்பற பழக்கம் எங்க ஊட்ல இல்லீங்க!"

மஞ்சள்

புதன்கிழமை, நானே கொடுத்தனுப்பிய உலர்ந்த குழாயில் கொண்டுவந்தார். கூடவே சரசக்காவும் வந்திருந்தார். குஞ்சாக இருந்தபோதிருந்து அவர் கையில் தின்று வளர்ந்த சேவல் அது. நான் நுண்ணோக்கியைப் பார்க்க, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஒரே பச்சை. ஆனால் தூசி பச்சை, காற்றுக் குமிழியின் ஓரம் பச்சை, தொட்டதெல்லாம் பச்சை. சாயமே விடாத ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன், அதுவும் பச்சை. குழாயின் வாயைத் திருப்பினால் அங்கே மங்களகரமாக மஞ்சள் தடவியிருந்தது. மஞ்சளும் இந்த ஒளியில் பச்சையாக மின்னும். பேசாமல் பச்சை என்றே சொல்லிவிடலாமா என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, இது செல்லாது அக்கா என்றேன்.

"நல்ல காரியத்துக்குப் போற சாமானுக்கு மஞ்ச வெக்காம அனுப்ப முடியுமா சாமி? உங்கண்ணுக்குப் பச்சையாத்தான தெரியுது, அப்பிடியே எழுதீரு!"

நீலம்

இனி உங்களை நம்பிப் பயனில்லை, சேவலையே கொண்டுவாருங்கள் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று, பொரிப்பானில் வைக்க எடுத்துவைத்த முட்டைகளையும் கேட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கூடை வந்தது. விந்து எடுக்கப் பழனியப்பன் சேவலின் முதுகை நீவிவிட, நான் குழாயை நீட்டினேன். சாயம் ஏற்றிப் பார்த்தால் எங்கும் பச்சை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. பச்சையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சேவல் மேல் குற்றமில்லை என்று கத்தியே விட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து பாப்பாத்தி அக்கா வந்து விளக்கைப் போட, விடிந்துவிட்டதென்று சேவல் கூவியது.

அப்படியானால் குற்றவாளி யார்? விளக்கை அணைத்துவிட்டு முட்டைகள் மேல் டார்ச் அடித்தேன். நாட்டுமுட்டை ஓடு புற ஊதாவில் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். இவற்றின் மேலோ திட்டுத் திட்டாக நீலம், அன்றைக்கு வேட்டியில் பார்த்த அதே நீலம். சரசக்கா கொஞ்ச நாளாக முட்டைகளையும் சலவைத்தூளில் குளிப்பாட்டித்தான் பொரிப்பானில் வைத்துவந்திருக்கிறார். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கிற பூச்சு போனால் கிருமி உள்ளே புகுந்து முட்டை கெட்டுவிடும் என்று பக்குவமாகச் சொன்னேன். பழனியப்பன் மனைவியைப் பார்த்தார். சரசக்கா சேவல் கூடையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கென்னங்க இப்ப? மருமவனுக்கு முட்டக் கொழம்பு வெச்சாப் போச்சு. முட்டதான் சுத்தமாக் கழுவி இருக்குதே!"

விளக்கு, சோப்பு, மஞ்சள் என்று இத்தனை நல்ல மனசுகளுக்கும் தப்பி அந்த வாரம் என் இருட்டறையிலிருந்து முழுசாக வெளியே போனது அந்தச் சேவல் ஒன்றுதான்.