ஆர்டிஸ் ஓட்டினால் ஏற மாட்டோம்

ஆர்டிஸ் ரெம்பல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கான்சாஸ் காற்றில், சரளைச் சாலையில், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்ல முடிந்தால் அது பெரிய விஷயம். ஊரின் இன்னொரு பேருந்தை ஓட்டிய ஹோபர்ட்டின் வாயில் நல்ல வார்த்தை வந்தால்தான் அதிசயம். அவர் சபைக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் சாப்பாட்டுக்கு.

ஆர்டிஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அறுவடைக் காலத்தில் அப்பாவின் கோதுமை லாரியை ஓட்டியவள். கணவன் லீலண்டுக்கு முதுகெலும்பில் அடிபட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு பேருந்து ஓட்ட வந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பல் ஆடுகிறது, எது காலையில் சாப்பிடாமல் வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். என் மகள் மெலடி ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஞாயிறு மாலை என்றால் எங்கள் சபையின் கீழ்த்தளத்தில் சினிமா. மடக்கு நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைத் துணி, சூடேறிய புரொஜெக்டரின் வாசனை, பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் காபி. எங்களில் பலர் தியேட்டருக்குப் போவது பாவம் என்று அதன் வாசலை மிதிக்காதவர்கள்; எங்களுக்கு அந்தத் துணிதான் தியேட்டர். வீட்டுக்குப் போனதும் தூங்கட்டும் என்று பிள்ளைகளை இரவு உடையிலேயே கூட்டி வருவோம்.

ஒரு வசந்த காலத்தில் பாஸ்டர் வெண்டல் 'விடியாத வெள்ளிக்கிழமை' என்ற படத்தை வரவழைத்தார். கர்த்தரின் இரகசிய வருகையைப் பற்றிய படம்; விசுவாசிகள் ஒரே நொடியில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட, மற்றவர்கள் பூமியில் விடப்படுகிற கதை. "குடும்பத்தோட வாங்க, ஒரு பிள்ளையையும் வீட்ல விட்டுட்டு வராதீங்க" என்று மேடையில் நின்று சொன்னார். நாங்களும் விடவில்லை.

படத்தில் ஒரு வயலில் டிராக்டர் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கணவனைக் கூப்பிட்டுக்கொண்டே அறை அறையாக ஓடினாள். அதன்பின் பள்ளிப் பேருந்து ஒன்று வந்தது. ஓட்டுநர் விசுவாசி. பாலத்தின் மேல் போகும்போது எக்காளம் முழங்கியது. அடுத்த கணம் இருக்கையில் அவருடைய தொப்பி மட்டும் கிடந்தது. பேருந்து நிறையப் பிள்ளைகள். பாலம் வளைந்தது, பேருந்து வளையவில்லை.

விளக்குப் போட்டபோது பெரியவர்களே முகம் வெளுத்துப் போயிருந்தோம். பிள்ளைகள் அழுதுகொண்டே ஜெபிக்க முன்னால் ஓடினார்கள். பாஸ்டருக்கு ஆனந்தக் கண்ணீர். ஆர்டிஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்" என்றாள்.

மறுநாள் காலை எங்கள் வாசலில் பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. மெலடி அஞ்சல் பெட்டிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஏறுடா கண்ணு, நேரமாச்சு" என்றாள் ஆர்டிஸ்.

"மாட்டேன் ஆர்டிஸ் ஆன்ட்டி."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நீங்க ரொம்ப நல்லவங்க. உங்களைத்தான் முதல்ல எடுத்துக்குவாரு. அப்புறம் பஸ்ஸை யார் ஓட்டுவாங்க?"

ஆர்டிஸ் வண்டியை நகர்த்தினாள். அடுத்த வாசலிலும் அதே கதை. எங்கள் சபைப் பிள்ளைகள் எல்லாம் ஹோபர்ட்டின் வண்டியில்தான் போவோம் என்று அடம்பிடித்தார்கள். அவர் எங்கேயும் எடுத்துக்கொள்ளப்பட மாட்டார் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு உறுதி. ஹோபர்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "நாப்பது வருஷமா குடிச்சதுக்கு இப்பதான்யா மரியாதை கிடைச்சிருக்கு!"

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. காலியான பேருந்தை ஓட்டிக்கொண்டு நேராக பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். கூட நானும் போனேன்.

"பயம் நல்லதுதான் சிஸ்டர்" என்றார் பாஸ்டர். "நானே சின்ன வயசுல பயந்துதான் மனந்திரும்பினேன்."

"பயந்தா புள்ள அம்மாகிட்ட ஓடும் பாஸ்டர். அந்த அம்மாவே காணாமப் போயிடுவான்னு காட்டினா, அது எங்க ஓடும்?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய சின்ன மகன் அன்று பள்ளிக்கே போகவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆர்டிஸ் சபை வாசலில் பேருந்தை நிறுத்தி, பிள்ளைகளையும் பெற்றோரையும் வரச் சொன்னாள். வேடிக்கை பார்க்க ஹோபர்ட்டும் வந்தார். ஒவ்வொரு பிள்ளையையும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பி எஞ்சினை எப்படி அணைப்பது, கை பிரேக்கை எப்படி இழுப்பது என்று காட்டினாள். சின்னதுகள் இரண்டு கையாலும் தொங்கி இழுத்தன.

"பிரேக் போட்டப்புறம் என்ன பண்றது?" என்று மெலடி கேட்டாள்.

"கையைக் கோத்துக்கிட்டு பக்கத்து வீட்டுக்கு நடங்க."

"அங்கயும் யாரும் இல்லேன்னா?"

ஆர்டிஸ் ஹோபர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "ஹோபர்ட் இருப்பாரு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட ஹோபர்ட்தான் உரக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஆர்டிஸ் மெதுவாகச் சொன்னாள்: "கர்த்தர் கூப்பிட்டா, 'கொஞ்சம் பொறுங்க ஆண்டவரே, இதுகளை வீட்ல இறக்கி விட்டுட்டு வந்துடறேன்'னு சொல்லுவேன். அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

திங்கட்கிழமை மெலடி ஏறினாள். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

ஆனால் அந்தப் பேச்சு சபையை நடத்தும் மூப்பர்களின் காதுக்குப் போயிற்று. அவளை அழைத்து விசாரித்தார்கள். மூப்பர் ஆர்லன் மேசையைத் தட்டினார். "கர்த்தரையே காத்திருக்கச் சொல்ல நீங்க யாரு?"

"பஸ் டிரைவர்" என்றாள் ஆர்டிஸ்.

 பாஸ்டர் குறுக்கிட்டு, அடுத்த படம் வந்தால் சிஸ்டர் ஆர்டிஸ் முதலில் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. கடைசிக் காலத்தைப் பற்றிய படங்கள் அந்த ஆண்டுகளில் வரிசையாக வந்தன. நெற்றியில் முத்திரை குத்துகிற படம், பஞ்சம் வருகிற படம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து கோட்டும் டையுமாக வருகிற படம். ஆர்டிஸ் பாஸ்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆராதனை முடிவில் எழுந்து நின்று சொல்வாள்: "இது பெரியவங்களுக்கு. இது பதின்மூணுக்கு மேல, அப்பா அம்மா பக்கத்துல இருந்தா. படம் முடிஞ்சதும் ஓடிடாதீங்க, பிள்ளைங்ககூட உக்காந்து பேசுங்க." பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்துகூட தொலைபேசியில் கேட்பார்கள்.

படம் ஓடும் மாலைகளில் சின்னப் பிள்ளைகளை மேலே கூட்டிப் போய்விடுவாள். கீழே உலகம் அழிந்துகொண்டிருக்கும். தரைப்பலகை வழியே இடியும் எக்காளமும் அதிரும். மேலே சோளப்பொரியும் பாட்டும். அதிர்வு கேட்டு ஏதாவது ஒரு குழந்தை மிரண்டால், ஆர்டிஸ் பியானோவை இன்னும் ஓங்கித் தட்டுவாள். அவளுக்குப் பியானோ சரியாக வராது. அந்தத் தப்புத் தாளம் கீழே எங்களுக்கும் கேட்கும். அந்திக்கிறிஸ்து பேசும்போதே யாராவது களுக்கென்று சிரித்துவிடுவோம்.

வீட்டுக்கு வீடு வீடியோ வந்ததும் கீழ்த்தளத்து மாலைகள் நின்றுபோயின. மடக்கு நாற்காலிகளைக் கல்யாணங்களுக்கு மட்டும் எடுத்தோம். லீலண்ட் இறந்துபோனார். முழங்கால் ஒத்துழைக்காமல் ஆர்டிஸ் பேருந்து ஓட்டுவதை விட்டாள். பின்பும் ஞாயிறு மாலைகளில் என் சமையலறைக்கு வந்து காபி குடிப்பாள். 

அவள் இறந்தது ஜூன் மாதம், கோதுமை முற்றி நின்ற வாரத்தில். அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிடச் சபையின் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். டென்வரிலிருந்து மெலடி வந்திருந்தாள். அன்றைய பிள்ளைகள் நரைத்த தலையும் பூட்ஸில் உமியுமாக ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தப் படத்தில் எந்தக் காட்சி அதிகம் பயமுறுத்தியது என்று சண்டை போட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். பிற்பாடு சிரிக்காமலும் துடைத்தார்கள்.

மேற்கே மழை இறங்குவதாக யாரோ வந்து சொன்னார்கள். நனைவதற்குள் கோதுமையை அறுக்க வேண்டும்; வெளியே அறுவடை இயந்திரங்கள் காத்திருந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.