மெயிலைக் கோத்தவள்

காலை ஒன்பது மணிக்கு பிரஸ் ஆபீசைத் திறந்ததும் வேலுத்தாய் செய்யும் முதல் வேலை, வந்து கிடக்கும் மெயில்களை வாசித்து எண் இல்லாதவற்றுக்கு எண் போடுவது. ‘வணக்கம், போன தடவை போட்டது போல’ என்று ஒரு வரி எழுதி, ஒரு படத்தையும் ஒட்டி அனுப்பிவிடுகிறவர்கள் சிவகாசியைச் சுற்றி இன்னும் நிறைய உண்டு. எந்தத் தடவை, எந்த வெடி, எந்த அளவுப் பெட்டி என்று கண்டுபிடித்து, இந்த வருட வேலைக்கான எண்ணை அவள் தட்ட வேண்டும். தட்டிவிட்டால் மெயிலும் படமும் தாமாகவே அந்த எண்ணுள்ள ஃபோல்டருக்குள் போய்விடும். டிசைன் போடுகிறவர், பிளேட் எடுக்கிறவர், மெஷின் ஓட்டுகிறவர் என்று எல்லாரும் அவரவர் இடத்திலிருந்தே அதைத் திறந்து பார்க்கலாம்.

வேலுத்தாய்க்கு ஊர் தாயில்பட்டி. அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் திரி வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு செய்யது அபுதாஹிரின் லேபிள் பிரஸ்ஸில் தாள் எண்ணச் சேர்ந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. இப்போது நாற்பத்துமூன்று. தாள் எண்ணுகிறவர்கள் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. வேலுத்தாய் பார்த்தாள். “மொதலாளி, இதுல பின்கோடு தப்பா இருக்கே” என்று ஒருநாள் சொன்னாள். மறுவாரமே அவளுக்கு ஆபீசுக்குள் நாற்காலி போட்டார்கள்.

அப்போதெல்லாம் ஆபீஸ் சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பழுப்புக் கவர், கவருக்குள் ஆர்டர் தாள், அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃப், மாதிரி லேபிள். மெயில் வந்த பிறகு கவரில் பாதி, ஆளாளுக்குச் செல்போனில் பாதி என்று ஆயிற்று. சீசன் நேரத்தில் அந்த ஆபீசில் அதிகம் கேட்ட வார்த்தை ‘எனக்கு வரலியே’ என்பதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, மெயிலையும் பொது ஃபோல்டர்களையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் எல்லாம் குழம்பியது. வந்த மெயில்கள் காணாமல் போயின. “மறுபடி ஆணியவே அடிங்க” என்றார் முதலாளி.

வேலுத்தாய் இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து தேடினாள். மெயில்கள் எங்கேயும் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் புது மெயில் எழுதுவதில்லை. போன தீபாவளிக்கு வந்த மெயிலைத் தேடி எடுத்து, அதற்கே பதில் போடுகிறார்கள். அதில் இருப்பது போன வருட எண். அதனால் இந்த வருட ஆர்டர் போன வருட ஃபோல்டரில் போய் விழுகிறது.

மதுரைக்குப் போன் போட்டாள். “சார், முடிஞ்ச வேலைக்குப் பூட்டுப் போடணும். பூட்டுனதுக்கு மெயில் வந்துச்சுன்னா அது உள்ள போகாம ஏங்கிட்ட வரணும்.”

“எந்த ஊர்லயும் யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம்.”

“எந்த ஊர்லயும் தீபாவளிக்குத் தீபாவளி ஒரே மெயிலுக்குப் பதில் போட மாட்டாக சார்.”

அவர் சிரித்துவிட்டுச் செய்து கொடுத்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கினாள். எந்தப் புரூஃபுக்கு முதலாளி ‘ஓகே’ என்று பதில் போடுகிறாரோ, அது மட்டும்தான் மெஷின் பக்கத்துத் திரையில் தெரிய வேண்டும். அதற்கப்புறம் இரண்டு சீசன் ஒரு லேபிள்கூடத் தப்பவில்லை. வீட்டில் அவள் கணவன், “ஏ, அந்த மெயிலுகிட்டயே சோறு கேட்டுக்கிறட்டுமா?” என்று கேலி பேசுவான். அவன் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் மற்றவர்களிடம் இதையே பெருமையாகச் சொல்கிறான் என்பதும் அவள் காதுக்கு வந்திருந்தது.

இந்த ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, வாடிக்கைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் பிரபாகரன் ஒரு கட்டு லேபிளோடு உள்ளே வந்து, அதை முதலாளி மேசையில் போட்டார்.

“பாருங்க பாய். சாத்தூர் அட்ரஸ். நாங்க வெம்பக்கோட்டைக்கு மாறி ஆறு மாசமாச்சு. மாத்தச் சொல்லி மெயில் போட்டேனா இல்லியா? லைசென்சுல ஒரு அட்ரஸ், பெட்டியில ஒரு அட்ரஸ்னா லோடு எப்படிப் போகும்?”

முதலாளி லேபிளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அறுபத்தாறு வயதிலும் அவர் கூப்பிட்டால் கட்டிங் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

“ஏலே சுடலை! இங்கன வா.”

சுடலை இருபத்திரண்டு வருடமாக அங்கே மெஷின் ஓட்டுகிறவர். துணியில் மையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“பளைய பிளேட்ட மாட்டி ஓட்டிட்டியாலே?”

“இல்ல மொதலாளி. திரையில வந்ததுக்குத்தான் பிளேட் போட்டது.”

“திரையில தப்பு வருமா? வேலுத்தாயி பாத்து அனுப்புனது தப்புமா? ஒனக்குத்தாம்லே கண்ணு அவிஞ்சு போச்சு. நாளையிலருந்து வர வேண்டாம், போ.”

சுடலை வாசல்பக்கம் நகர்ந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் வேறு பிரஸ்ஸுக்குப் போனால் தாள் அடுக்கத்தான் நிறுத்துவார்கள். தன் வேலை சுத்தம் என்று ஊரறிய முதலாளி சொன்ன முதல் தடவை இதுதான் என்பது வேலுத்தாய்க்கு உறைத்தது. அதை வைத்தே சுடலையை வெளியே தள்ளுகிறார் என்பதும் உறைத்தது.

ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் வரிசையாக இருந்தது. திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு முதலாளிக்குப் போன முதல் புரூஃப், சாத்தூர் முகவரி. பன்னிரண்டே முக்காலுக்குப் பிரபாகரனின் மெயில். மூன்று மணிக்கு வெம்பக்கோட்டை முகவரியோடு புதுப் புரூஃப். மூன்று இருபதுக்கு முதலாளி செல்போனிலிருந்து ஒரு ‘ஓகே’. அது முதல் புரூஃபுக்கு. திங்கட்கிழமை அவர் சாத்தூரில் ஒரு நிக்காஹ் விருந்தில் இருந்தார்.

“மொதலாளி, சுடலையண்ணன் மேல தப்பு இல்ல. அவருக்கு வந்ததே பளசுதான்.”

“அப்ப பளச அனுப்புனது யாரும்மா?” என்றார் பிரபாகரன்.

வேலுத்தாய் திரையை முதலாளி பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்தாள். “வாசிங்க மொதலாளி.”

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார். ஒரு தரம் வாசித்தார். செல்போனை எடுத்து அதிலும் பார்த்தார். வாசலில் நின்ற சுடலை துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங் கைதாம்யா” என்றார் கடைசியில். “ரெண்டு வந்துருக்கு. நான் பளசுக்கு அமுக்கியிருக்கேன்.”

“விருந்துல கையில நெய்யி இருந்துருக்கும் பாய்.” பிரபாகரனுக்குக் கோபம் பாதி இறங்கியிருந்தது.

“புதுசு வந்ததும் பளசு தானா மறைஞ்சிருக்கணும்” என்றாள் வேலுத்தாய். “அத நான் யோசிக்கல. அந்த ஓட்டை ஏம் பங்கு. இன்னைக்கே அடைச்சிருவேன்.”

முதலாளி சுடலையைப் பார்க்காமலே, “போயி மெஷினக் களுவுலே. புதுப் பிளேட் வரும்” என்றார்.

“நாளைக்கு வரணுமா, வேண்டாமா மொதலாளி?”

“ஏலே, போலேங்கிறேன்ல!”

சுடலை போனார். போகிற நடையில் அவசரமே இல்லை.

பிரபாகரன் கிளம்பும்போது, “எங்க ஆபீசுலயும் இத ஒரு நாள் வந்து போட்டுக் குடுங்கம்மா” என்றார்.

“மொதல்ல நம்பர் போட்டு மெயில் அனுப்பப் பளகுங்க சார். அப்பறம் வாரேன்.”

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். சனிக்கிழமைக்குள் புது லேபிள் என்று பேச்சு. அறையில் முதலாளியும் வேலுத்தாயும் மட்டும். அவள் பழைய புரூஃபை மெஷின் பக்கத்துத் திரையிலிருந்து நீக்கி, புதியதற்கு அவரிடம் ஓகே வாங்கி, ஒரு பிரதி பிரிண்டரில் எடுத்தாள். முகவரியை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா வேலுத்தாயி. மாசக் கடைசியில ஏம் மவன் அஷ்ஃபாக் எல்லாத்தையும் திறந்து பாப்பான். ஏற்கெனவே ‘அத்தா, ஒதுங்கி இருங்க’ன்னு சொல்லிக்கிட்டுருக்கான்.” மேசையில் கிடந்த தப்பான லேபிளைக் கவிழ்த்து வைத்தார். “அந்த ஒத்த ஓகேய மட்டும் ஃபோல்டர்லருந்து எடுத்துற முடியுமா?”

முடியும். அந்த அனுமதி ஆபீசில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அந்த வரி போய்விட்டால், திங்கட்கிழமை நடந்ததில் மிஞ்சுவது தப்பான லேபிளும் அதை அச்சடித்த சுடலையும்தான்.

வேலுத்தாய் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, புரூஃப் தாளை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனாள்.