நோண்டியும் தலைகீழ்த் திரையும்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நோண்டி என்று பெயர். வைத்தவர் மேனேஜர். பொத்தான் ஒன்று கண்ணில் பட்டால் அழுத்திப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பிறவிக் குணம், என்ன செய்ய? சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேச, இவள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் விசையோடு மற்ற விசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தட்டிக்கொண்டிருப்பாள். ஒன்றைத் தட்டினால் காலையிலிருந்து காப்பி செய்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இன்னொன்றுக்கு எழுத்தெல்லாம் பூதாகாரமாகப் பெருத்துவிடும். "அடப்பாவி, இத்தனை நாள் எங்கடா ஒளிஞ்சிருந்தே!" என்று கம்ப்யூட்டரையே கேட்பாள்.

ஒருநாள் அப்படித் தட்டியதில் திரையின் நிறமெல்லாம் போய்விட்டது. அவளே சரிசெய்தும்விட்டாள். ஆனால் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"இன்னொரு தடவை இதுல கோளாறு வந்துச்சு, நீ வீட்டோட இருக்க வேண்டியதுதாம்மா."

இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அடுத்த வாரமே திரை தலைகீழாகக் கவிழ்ந்தது. மவுஸை இடப்பக்கம் தள்ளினால் அம்பு வலப்பக்கம் ஓடியது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ் போனில் கத்தினாள்: "ரிப்போர்ட் எங்கங்க? ஆளைப் படுக்க வச்சாச்சு!"

"எல்லாம் நோண்டி வேலை," என்றார் மேனேஜர். சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்கும் லேப் அண்ணனைக் கூட்டு சேர்த்துக்கொண்டு மானிட்டரையே தூக்கித் தலைகீழாகத் திருப்ப ஆரம்பித்தார்.

அவள் கண் கீபோர்டுக்குப் போனது. அதன் ஓரத்து விசைகளை அழுத்திக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது மேனேஜரின் சாப்பாட்டுப் பை. சரிசெய்ய மூன்று விசை போதும், அவளுக்குத் தெரியும். ஆனால் சரிசெய்தால் கெடுத்தவளும் இவளே என்று முடிவாகிவிடும், வேலை போய்விடும். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். அட போங்கப்பா, அங்கே ஓர் உயிர் காத்துக் கிடக்கிறது! பையை எடுத்துத் தள்ளி வைத்தாள். மூன்றையும் சேர்த்துத் தட்டினாள்.

"பாத்தீங்களா, மறுபடியும் கவுத்துட்டா!" என்று மேனேஜர் அலறினார். அதே நொடியில்தான் அவர்கள் மானிட்டரைத் திருப்பி முடித்திருந்தார்கள்.

"படத்தை நான் நேராக்கிட்டேன் சார். பெட்டியை நீங்க நேராக்குங்க."

லேப் அண்ணன் சிரித்த சிரிப்பில் மானிட்டர் கைநழுவப் பார்த்தது. நேராக வைத்ததும் ரிப்போர்ட்டை அச்செடுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார். மேனேஜர் தன் பையைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் வச்சதுதான் போலிருக்கு," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அது எந்த மூணு விசைம்மா? எழுதி வச்சுக்கறேன்."

"சொல்ல மாட்டேன் சார். கூப்பிடுங்க, வரேன்."