ஒரு துளை தளர்வு

என் மகள் பாதங்கள் உள்நோக்கி மடங்கிப் பிறந்தாள். வாரந்தோறும் பிளாஸ்டர் போட்டு அவற்றை நேராக்கிய பிறகு, ஓர் இரும்புச் சட்டத்தால் இணைத்த இரண்டு சின்னச் சப்பாத்துகளைத் தந்தார்கள். முதல் மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட வேண்டும். பிறகு நான்கு வயதுவரை உறங்கும்போதெல்லாம். தவறினால் பாதம் திரும்பவும் மடங்கிவிடும் என்றார் டாக்டர். எங்கள் ஊர் நுரைச்சோலைக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரும்பு வைத்த சப்பாத்து என்று போனில் தேடியபோதுதான் ஒரு ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீரர் வந்தார். அவருடைய வாழ்க்கையை நான் கடைசியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். முதலில் கண்டது அவருடைய கடைசிப் போட்டி. முதல் தாவலிலேயே விழுந்து, எழும்பி, இசையை எட்டிப் பிடித்து ஆடி முடித்தார். அதற்கு முந்திய வருடங்களில் கணுக்காலில் சத்திரசிகிச்சை. அதற்கும் முன்னால் உலகப் பட்டங்கள், காற்றில் நான்கு முறை சுழன்று இறங்கும் தாவல்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சட்டைக் கை நீண்டு விரல்களை மறைக்க, பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு மெலிந்த பிள்ளை. கூட்டத்தில் அவருடைய தாயைத் தேடினேன். கமெரா ஒருமுறையும் காட்டவில்லை.

அவர் சுழன்றால் மகள் அழுகையை நிறுத்துவாள். அதனால் என் கணவரின் தாயான மாமிக்கும் அவர் பழக்கமானார்.

"உங்கட ரஷ்யாக்காரன் இன்னைக்கும் உழுந்துட்டானா?"

"இது பழைய வீடியோ மாமி. இதுல தங்கம் எடுப்பார்."

"தங்கம் கெடக்கட்டும். அவனப் பெத்த உம்மா எப்பிடித்தான் தாங்கினாவோ."

சப்பாத்து போடத் தொடங்கிய நான்காம் மாதம் மகளின் குதிக்காலில் கொப்புளம் வந்தது. சப்பாத்து அளவு பிழை என்று கணவரிடம் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரியும். பகலில் மாமி லுஹர் தொழப் போகும் நேரத்தில், சப்பாத்தின் மூன்று பட்டிகளில் நடுப்பட்டியை ஒரு துளை தளர்த்திவிடுவேன். அழுகை சற்று அடங்கும். ஒரு துளைதானே என்று நினைத்தேன். அதையே நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

புத்தளம் கிளினிக்கில் பிசியோ மிஸ் பட்டிகளைப் பார்த்தார். சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

"யாரு அம்மா இது லூஸ் பண்ணினது? லூஸ் இருந்தா கால் உள்ள ஓடும். ஓடினாத்தான் புண் வாறது."

"நான்தான் மிஸ். நடுப்பட்டி. ஒரு துளை மட்டும்."

பக்கத்தில் மாமி முந்தானையைச் சரிசெய்தார். "மேல்பட்டி நான், மிஸ். இவ குளிக்கப் போற நேரம். நானும் ஒரு துளைதான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மிஸ் சிரித்தேவிட்டார்.

திரும்பும் வழியில் பாலாவியில் பஸ் நின்றபோது, நான் தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்த ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை முழுதாகப் பார்த்தேன். போட்டிக்கு முன் அந்த வீரர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், திரும்பவும் கட்டுகிறார். பதற்றம் என்று நினைத்திருந்தேன். இல்லை. விரல் மூட்டு வெளுக்க இழுத்து, எழும்பி நின்று, கணுக்காலை வளைத்துப் பார்த்து, போதாது என்று மீண்டும் உட்காருகிறார். அவர் விழுந்த இடங்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். கயிறு கட்டியதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன்.

மறுநாள் பகல் தூக்கத்துக்கு மாமி மகளின் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, என்னிடம் சொன்னார்.

"இழுங்க மகள். நான் பாக்கல்ல."

"அழுவாள் மாமி."

"அழட்டும். நாங்களும் சேந்து அழுவோம்."

மூவரும் அழுதோம். புண் ஆறியது. பிறகு வரவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. பாதங்கள் இதுவரை நேராகவே இருக்கின்றன. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ரஷ்ய வீரர் போட்டிகளை விட்டுவிட்டு, பனித்தளத்தின் ஓரத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். நேற்றுப் பகல் மகள் தானாகக் காலை நீட்டினாள். நான் பட்டிகளைப் போட்டு முடித்தேன்.

"நடுப்பட்டி மூணாவது துளையா?" என்றார் மாமி.

"ஓம் மாமி, மூணாவது."

"எங்க, காட்டுங்க."

விரலை வைத்துப் பார்த்துவிட்டு அவர் எழும்பிப் போனார். அவர் போனதும் நானும் மேல்பட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.