பார்த்தேன் என்ற சொல்

எழுபதுகளில் நான் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டினேன். எனக்குத் திக்குவாய். 'ப'வில் தொடங்கும் சொல் என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். கடையில் பொருளைக் கையால் காட்டித்தான் வாங்குவேன்.

ஒருநாள் பக்கத்துத் தறிக்காரருக்குப் பல்சக்கரத்தில் சிக்கி இரண்டு விரல்கள் போயின. சக்கரத்தின் மூடி கழன்று ஒரு வாரமாகியிருந்தது. அவர் மேஸ்திரியை மூன்று முறை அழைத்துவந்து காட்டியதைப் பார்த்திருந்தேன். விசாரணையில் மேஸ்திரி, தறிக்காரர் தூங்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ பாத்தியா?" என்றார் அதிகாரி.

"ப... ப..." அதற்குமேல் வரவில்லை. 'சாட்சி எதுவும் சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தறிக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகினேன். அத்தனை தறிகள் ஓடும்போது என் குரல் எனக்கே கேட்காது. கேட்காதபோது திக்கவும் இல்லை. மூடி கழன்றிருந்தது, அவர் தூங்கவில்லை என்று ஷிஃப்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்தால் தொண்டை எரியும், சோறு இறங்காது. வெளியில் பேசினால் மறுபடி திக்கும். ஆனால் திக்கிய இடத்தில் நின்று, மூச்சுவிட்டு, மறுபடி தொடங்கப் பழகியிருந்தேன்.

சில மாதம் கழித்து ஆலை வாசலில் சங்கம் கூட்டம் போட்டது. நான் பேசுகிறேன் என்று தலைவரிடம் சொன்னேன்.

"உன்னால ஆவுமாய்யா?" என்றார்.

மைக்கின் முன் நின்றதும் முதல் சொல்லே ஒட்டிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள். காத்திருந்தேன்.

"பாத்தேன். சக்கரத்துக்கு மூடி இல்ல. மூணு வாட்டி மேஸ்திரியக் கூட்டியாந்து காட்டினாரு. அதையும் பாத்தேன்."

ஏழெட்டு இடத்தில் திக்கியது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சங்கம் விடாமல் கேட்டதில் விசாரணை மறுபடி நடந்தது. அங்கும் சொன்னேன். தறிக்காரரைத் திரும்ப எடுத்து, வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா இத்தினி மாசம் வூட்ல குந்தினு இருந்திருக்க மாட்டேன்" என்றார். கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஆமாண்ணே" என்றேன்.

எண்பதுகளில் எந்தக் கூட்டம் என்றாலும் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். பயம் போய்விட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மூட்டை போல் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பேசி இறங்கினால் சைக்கிள் மிதிக்கத் தெம்பிருக்காது. வீடுவரை தள்ளிக்கொண்டே போவேன்.