சும்மா சுற்றும் சத்தம்

ஓசூரில் மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சத்தம் கேட்பதுதான் என் வேலை. ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டுக் காது கொடுத்து, நல்லதையும் பழுதையும் பிரித்து வைப்பேன். அப்படியிருந்தும், ஷிஃப்ட் அலுப்பில், வாசலில் நின்ற எங்கள் கார் போட்ட சத்தத்தை மூன்று வாரம் நான் சட்டை செய்யவில்லை.

அது எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார். தேன்கனிக்கோட்டைத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து என் கணவர் ஆசை ஆசையாக வாங்கியது. திடீரென்று அதன் ஸ்டார்ட்டர் அடம்பிடித்தது. ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் "ஙொய்ய்ங்" என்று கத்தும், எஞ்சின் அசையாது. நாலைந்து தடவை இழுத்த பிறகு "டணார்" என்று ஓர் அடி விழும். அப்புறம்தான் கிளம்பும்.

"எஞ்சினோட ஃப்ளைவீல் சக்கரத்துல பல்லு போயிருக்கும். கியர்பாக்ஸையே இறக்கணும்" என்றார் அவர், துக்க வீட்டுக் குரலில்.

ஒரு ஞாயிறு காலை அவர் குமிழை இழுக்க, நான் பானெட்டுக்குள் குனிந்து கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. தினமும் கேட்கிற சத்தம்!

"ஏங்க, பல்லு போயிருந்தா கரகரன்னு அரைக்கும். இது சும்மா சுத்துற சத்தம். மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அதோட சின்னப் பல்சக்கரம் முன்னாடி வந்து எஞ்சினைப் பிடிக்க மாட்டேங்குது."

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை வெளியே எடுத்தோம். பல்சக்கரம் ஓடவேண்டிய திருகுத் தண்டில் ராகிக்களி மாதிரி ஏதோ கறுப்பாக அப்பியிருந்தது.

"இங்க யாரு கிரீஸ் வெச்சது?"

அவர் வானத்தைப் பார்த்தார். "நான்தான். வயசான வண்டியாச்சேன்னு..."

"கிளட்ச் தூசி பூரா அதுல ஒட்டிக்கிச்சு. இந்த இடம் காய்ஞ்சுதான் இருக்கணும்."

இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாக அரைமணி நேரம் தேய்த்துத் துடைத்தேன். விரலால் தள்ளியதும் பல்சக்கரம் தண்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் அதை வாங்கிப் பத்துத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

திரும்ப மாட்டினோம். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது! நம்ப முடியாமல் அணைத்துவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் பிடித்தது. நாலாவது தடவை, தளியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் கன்னடக்கார அக்கா வெளியே வந்துவிட்டார்.

"சாக்கு, சாக்கு! போதும், பேட்டரி இறங்கிப் போயிடும், சார்!"

"ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போறோம், வரீங்களாக்கா?" என்றேன். அப்படியொரு திட்டமே அதுவரை இல்லை. அக்கா உள்ளே போய்ப் பையோடு வந்தார். முழங்கைவரை கரியோடு நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.